குரல் பெற்ற சரக்குப் பெட்டி



மாதிரி இரயில் என்றவுடன் சாவி கொடுத்தால் வட்டமிட்டு ஓடும் தகர பொம்மைதான் நம்மில் பலருடைய நினைவுக்கு வரும். மேலை நாடுகளிலோ இது முதியோரும் முனைந்து பயிலும் ஒரு கைக்கலையாக விளங்குகின்றது. அமெரிக்காவில் இக்கலைஞர்களுக்கென 1935ஆம் ஆண்டிலேயே தேசிய மாதிரி இரயில் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தண்டவாளத்தின் அகலம், சக்கரத்தின் விளிம்பு, பெட்டியின் எடை, மின்சாரம் செலுத்தும் முறை என ஒவ்வொன்றுக்கும் அச்சங்கம் விதி வகுத்துள்ளது. ஒரு நிறுவனத்தின் எஞ்சினை வேறொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் தடையின்றி ஓட்ட முடிவது அவ்விதிகளின் பயனே.

இத்திங்கள் நாம் காணவிருப்பது அக்கலையின் ஒரு சிறு மூலை. மூன்று அங்குல நீளமே உள்ள ஒரு சரக்குப் பெட்டிக்குள் ஒலிக் கருவியைப் பொருத்தி, அதனைப் பேச வைப்பது எவ்வாறு?

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ‘என்’ அளவு எனப்படும் மாதிரி இரயில்கள் உண்மையான வண்டியில் 160இல் ஒரு பங்கு உடையவை. 1435 மில்லி மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் இங்கே 9 மி.மீ. ஆகிவிடுகின்றது. நாற்பது அடி நீளமுள்ள அமெரிக்கச் சரக்குப் பெட்டி 76 மி.மீ. நீளத்துக்குச் சுருங்குகின்றது. அதன் அகலமோ சுமார் 19 மி.மீ. சுவர்களின் கனத்தையும் கழித்துவிட்டால் உள்ளே எஞ்சுவது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய இடமே. இதற்குள் ஸ்பீக்கர், ஒலியைச் சேமித்து வைத்திருக்கும் சில்லு, மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர், இவற்றை இணைக்கும் தலைமுடி போன்ற கம்பிகள் ஆகிய அனைத்தும் அடங்கியாக வேண்டும்.

எஞ்சின் எழுப்ப வேண்டிய ஒலியை எஞ்சினுக்குள் வைக்காமல் அதன் பின்னே வரும் பெட்டியில் வைப்பானேன் என்ற ஐயம் எழுவது இயல்பு. இச்சிறிய எஞ்சின்களின் உட்புறம் வெற்றிடமன்று. சக்கரங்கள் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, மோட்டாரைச் சுற்றியுள்ள இடம் முழுவதும் உலோகக் கட்டியால் நிரப்பப்பட்டிருக்கும். ஸ்பீக்கருக்காக அதனை அராவி எடுத்தால் எஞ்சினின் இழுவை குறைந்துவிடும். பத்துப் பெட்டிகளை இழுத்தது ஆறு பெட்டிகளுக்கே திணறும். அண்மைக் காலத்தில் வெளிவரும் எஞ்சின்கள் பல ஒலிக் கருவியுடனேயே விற்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பழைய எஞ்சினை வைத்திருப்பவர் அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. முதற் பெட்டிக்குக் குரல் கொடுத்தால் போதும். ஒரு பெட்டியை எந்த எஞ்சினுக்கும் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்பது இதில் கிடைக்கும் இன்னொரு வசதி.

இந்த யோசனை புதிதன்று. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935ஆம் ஆண்டிலேயே, எஞ்சினை அடுத்து வரும் கரிப் பெட்டியான டெண்டருக்குள் ஒரு சிறு மோட்டாரை வைத்துக் காற்றை ஊதி ஊதலை ஒலிக்கச் செய்தது. ஆனால் லயனலின் வண்டிகள் நமது சரக்குப் பெட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நீளமுடையவை. இடத்துக்குப் பஞ்சமில்லை. பின்னர் 1970களில் ஒலிக் கருவி முழுவதையும் மேசையோரத்துப் பெட்டியில் வைத்து, ஒலியை மட்டும் தண்டவாளத்தின் வழியே எஞ்சினுக்குள் உள்ள ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறையும் வழக்கில் இருந்தது. ஒலியைத் தன்னுள்ளேயே தாங்கிய சில்லு, டிஜிட்டல் கட்டளை முறை வந்த பிறகே பரவலாயிற்று.

ஜெர்மனியின் பெர்ண்ட் லென்ஸ் என்பவர் 1980களில் உருவாக்கிய அம்முறையை அமெரிக்கச் சங்கம் 1990களில் பொது விதியாக ஏற்றுக்கொண்டது. அதன்படி தண்டவாளத்தில் முழு மின்னழுத்தமும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் திசை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறிக்கொண்டிருக்கும். ஒரு பாதித் துடிப்பு 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ஒன்று. நூறு மைக்ரோ விநாடி நீடித்தால் அது சுழி. இவ்வாறு ஒன்றும் சுழியும் கோத்துச் செய்திகள் செல்கின்றன. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் உள்ள டிகோடர் என்னும் சில்லு, தன் எண்ணுக்கு வந்த செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ஒரே தெருவில் ஒரே தபால்காரர் அத்தனை வீட்டுக் கடிதங்களையும் சுமந்து வந்தாலும் அவரவர் கடிதம் அவரவர் வீட்டுக்கே சேர்வதைப் போல.

நமது பெட்டிக்கு வேண்டியது இரண்டாவது டிகோடர். எஞ்சினுக்குள் உள்ள டிகோடருக்கு எந்த எண்ணோ அதே எண்ணை இதற்கும் கொடுத்துவிட்டால், ‘முன்னே செல்’ என்ற ஒரே கட்டளையை எஞ்சின் ஓட்டமாகவும் பெட்டி ஓசையாகவும் நிறைவேற்றும்.

இனி வேலைக்கு வருவோம். இதில் பெரும்பாலோர் இடறி விழுவது ஸ்பீக்கரில் அன்று, மின்சாரம் பெறுவதில்தான். சரக்குப் பெட்டிகள் பலவற்றின் சக்கரங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரங்களை மாட்ட வேண்டும். இவ்விணைகளில் ஒரு பக்கத்துச் சக்கரம் அச்சோடு மின்தொடர்பு கொண்டிருக்கும், மறுபக்கத்தது காப்பிடப்பட்டிருக்கும். முன்புறச் சக்கரத் தொகுதியில் தொடர்புள்ள சக்கரங்களை வலப்புறமும், பின்புறத் தொகுதியில் இடப்புறமும் வருமாறு அமைத்து, அச்சின் மீது மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி உரசிச் செல்லும்படி செய்தால் இரு தண்டவாளங்களிலிருந்தும் மின்சாரம் கிடைத்துவிடும். ஆனால் இவ்வமைப்பில் ஒரு தண்டவாளத்துக்கு இரண்டே சக்கரங்கள். அவற்றின் கீழ் ஒரு தூசு வந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். அதற்காகக் கம்பியை இறுக்கி அழுத்தினால் சக்கரம் சுழலாமல் இழுபடும். இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடைப்பட்ட அந்த நிலையைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். பெட்டியைச் சிறிது சரிந்த பலகையில் விட்டால் தானாக உருண்டு வரவேண்டும். அதுவே சோதனை.

ஒரே எஞ்சினோடு மட்டும் ஓட்டுவதாயின், எஞ்சினிலிருந்து இரண்டு மென்கம்பிகளைப் பெட்டிக்கு இழுத்துவிடுவது இதைவிடச் சிறந்தது என்பதே எனது கருத்து. எஞ்சினின் கனத்தால் அதன் சக்கரங்கள் தண்டவாளத்தோடு நன்கு படிந்திருக்கும், எண்ணிக்கையிலும் அதிகம். பெட்டியை விரும்பியபோது கழற்ற முடியாது என்பது மட்டுமே அதன் குறை.

எவ்வாறு எடுத்தாலும் மின்சாரம் இடையிடையே அறுபடத்தான் செய்யும். மோட்டாருக்கு அது பெரிதன்று. உந்து வேகத்தில் ஓடிவிடும். ஒலிச் சில்லுக்கோ மின்சாரம் கண நேரம் நின்றாலும் நினைவு தப்பிவிடும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென ஊமையாகிப் பின் இயந்திரத்தைப் புதிதாக முடுக்கும் ஓசையை முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவர் சிரிப்பை அடக்க முடியாது. இதனைத் தடுக்கவே கெப்பாசிட்டர் தேவைப்படுகின்றது.

எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் வேண்டும்? சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். சில்லும் ஸ்பீக்கரும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் மின்சாரம் உட்கொள்கின்றன என வைத்துக்கொள்வோம். அழுத்தம் 5 வோல்ட் குறையும்வரை சில்லு தாக்குப்பிடிக்கும் என்க. 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் அதனைப் பத்தில் ஒரு விநாடிக்குத் தாங்கும். பத்தில் ஒரு விநாடி என்ன செய்யும் என இகழ வேண்டாம். உண்மையான வண்டி மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு ஈடாக நமது வண்டி விநாடிக்குச் சுமார் பத்து சென்டி மீட்டர் ஓடும். ஆகவே அந்தப் பத்தில் ஒரு விநாடியில் அது ஒரு சென்டி மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது. தூசையும் இணைப்பு இடைவெளியையும் தாண்ட அது போதும். ஆனால் நிலையத்தில் ஊர்ந்து செல்லும்போது, மணிக்கு 10 கிலோ மீட்டருக்கு ஈடான வேகத்தில், அதே நேரத்தில் இரண்டு மில்லி மீட்டர்கூட நகராது. மெதுவாக ஓட்டுவதில் விருப்பமுள்ளவர் இடம் கிடைத்தால் இன்னும் பெரிய கெப்பாசிட்டரைத் தேட வேண்டும். அல்லது தண்டவாளத்தை அடிக்கடி துடைக்க வேண்டும். இரண்டையும் செய்வோரே பெரும்பாலோர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கெப்பாசிட்டரைச் சக்கரத்திலிருந்து வரும் கம்பிகளோடு நேரடியாக இணைத்துவிடக் கூடாது. அங்கே மின்சாரத்தின் திசை ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றது. கூட்டல், கழித்தல் முனை கொண்ட கெப்பாசிட்டர் அதில் சூடேறி வெடித்துவிடும். டிகோடருக்குள் மின்சாரம் ஒருதிசைப்படுத்தப்பட்ட பின்னர் கிடைக்கும் நேர்முனையான நீலக் கம்பிக்கும், சில்லின் எதிர்முனைக்கும் இடையில்தான் அதனைப் பொருத்த வேண்டும். அதன் மீது 25 வோல்ட் எனப் பொறிக்கப்பட்டிருப்பது நலம். சிறிய உருவத்துக்காக டான்டலம் வகையை நாடுவோர் உண்டு. முனை மாறினாலோ அழுத்தம் மிகுந்தாலோ அவை தீப்பற்றும் இயல்புடையவை. பிளாஸ்டிக் பெட்டிக்குள், அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில், இதில் மட்டும் சிக்கனமோ அவசரமோ ஆகாது. வெறும் கெப்பாசிட்டர் முதலில் மின்சாரத்தை மடமடவென விழுங்குமாகையால், நூறு ஓம் மின்தடை ஒன்றின் வழியே அது நிரம்பவும், டயோடு ஒன்றின் வழியே தடையின்றி வெளியேறவும் வழி செய்ய வேண்டும். இல்லாவிடில் தொடக்கத்திலேயே எங்கோ மின்சுற்று ஏற்பட்டுவிட்டதாகக் கருதி, மின்சாரம் வழங்கும் கருவி தன்னை நிறுத்திக்கொள்ளும்.

அடுத்து ஸ்பீக்கர். கைப்பேசிகளுக்காக உருவாக்கப்பட்ட, 15 மி.மீ. நீளமும் 11 மி.மீ. அகலமும் கொண்ட ஸ்பீக்கர்களையே இன்று பலரும் பயன்படுத்துகின்றனர். சர்க்கரைக் கட்டியைப் போன்றிருப்பதால் ஆங்கிலத்தில் அப்பெயராலேயே அதனை அழைப்பர். இதனை வாங்கி அப்படியே உள்ளே போட்டுவிட்டு, ‘கொசு முரல்வது போலக் கேட்கிறதே’ என வருந்துவோர் உளர். ஸ்பீக்கரின் சவ்வு முன்னே தள்ளும்போது பின்புறத்தில் காற்றை இழுக்கின்றது. இரு பக்கத்து அலைகளும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பழைய வால்வு ரேடியோவின் மரப்பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி வெளியே வைத்துப் பாட விட்டவர்களுக்கு இது விளங்கும்; குரலில் இருந்த கனமெல்லாம் போய்விடும். எனவே பின்புறத்தைக் காற்றுப்புகாத ஒரு சிறு அறையால் மூடியாக வேண்டும். பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி அவ்வறையை அமைத்து, கம்பி நுழையும் துளையையும் பசையால் அடைத்துவிட வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பயன் கெட்டுவிடும். அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஓசை ஆழம் பெறும். ஆகையால் சில்லுக்கும் கெப்பாசிட்டருக்கும் போக மீதியுள்ள இடம் அனைத்தையும் இதற்கே கொடுத்துவிடலாம்.

அப்படிச் செய்தாலும் உண்மையான எஞ்சினின் அடிவயிற்று முழக்கம் இதில் வாராது. விநாடிக்கு நூறு முறை அதிரும் தாழ்ந்த ஓசையின் அலை ஒன்று மூன்றரை மீட்டர் நீளமுடையது. விரல் நகத்தளவு சவ்வு அத்தனை காற்றை எங்ஙனம் அசைக்கும்? ஆயினும் படைத்தவன் மனிதச் செவிக்கு அளித்திருக்கும் ஆற்றல் வியப்புக்குரியது. அடிப்படை ஓசை இல்லாவிடினும் அதன் மேலோசைகள் ஒழுங்காகக் கேட்டால், மூளை அந்த அடிப்படையைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது. தொலைபேசியில் ஆண்குரலை ஆண்குரலாகவே நாம் அறிவது இவ்வாறுதான்.

ஸ்பீக்கரைத் தரையை நோக்கிக் கவிழ்த்து, பெட்டியின் அடித்தட்டில் துளைகள் இடுவது வழக்கம். அடித்தட்டில் எடைக்காக வைக்கப்பட்டிருக்கும் இரும்புத் தகட்டை இதற்காக வெட்ட நேரும். சங்கத்தின் பரிந்துரைப்படி ‘என்’ அளவுப் பெட்டி அரை அவுன்சுடன், நீளத்தில் அங்குலத்துக்கு 0.15 அவுன்சு வீதம் கூட்டிய எடை உடையதாக இருத்தல் வேண்டும். மூன்று அங்குலப் பெட்டிக்கு அது 27 கிராம் ஆகின்றது. வெட்டியெடுத்த எடையை ஈயத் துண்டுகளால் ஈடுசெய்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம்.

கம்பிகளின் நிறங்களையும் சங்கமே வரையறுத்துள்ளது. சிவப்பு வலத் தண்டவாளத்துக்கு, கறுப்பு இடத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு உரியவை. நமது பெட்டியில் மோட்டார் இல்லையாதலால் அவற்றின் முனைகளைத் தனித்தனியே உறையிட்டு ஒதுக்கிவிட வேண்டும். ஸ்பீக்கர் கம்பி இரண்டில் ஒன்றேனும் சக்கரத்தையோ வேறு கம்பியையோ தொட்டுவிடலாகாது. தொட்ட மாத்திரத்தில் ஒலிப்பெருக்கும் பகுதி கருகிவிடும். ஸ்பீக்கரின் ஓம் அளவையும் பார்த்து வாங்க வேண்டும். பழைய டிகோடர்கள் சில நூறு ஓம் ஸ்பீக்கருக்கென அமைந்தவை. அவற்றில் இன்றைய எட்டு ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் டிகோடருக்கு அதுவே இறுதி நாள். பல வேளைகளில் ஒலி டிகோடர் ஒன்றின் விலை எஞ்சினின் விலையையே எட்டிவிடும். ‘இது வீண்செலவு அல்லவா?’ என இல்லத்தரசியர் கேட்பது என் செவியில் விழாமல் இல்லை. கைத்திறன் கற்பதற்குச் செய்யும் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தீப்பொறியில் அழிந்துபோகும் செலவு வீண்தான்.

எண் கொடுக்கும்போது ஒரு புதிர் காத்திருக்கின்றது. டிகோடர் ஒரு கட்டளையை ஏற்றுக்கொண்டதும், ‘பெற்றுக்கொண்டேன்’ எனத் தெரிவிப்பதற்கு, ஏறத்தாழ 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்துக் காட்டும். வழக்கமாக அதனை மோட்டாரின் வழியே செய்யும். மோட்டார் இல்லாத பெட்டியில் அது தலையசைக்க வழியின்றி ஊமையாக நிற்கும். கட்டுப்பாட்டுக் கருவியோ ‘டிகோடர் இல்லை’ என்று அறிவிக்கும். நல்ல டிகோடரைப் பழுதென எண்ணித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஆரஞ்சு, சாம்பல் கம்பிகளுக்கிடையே நூறு ஓம் மின்தடை ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தால், 12 வோல்ட்டில் அது 120 மில்லி ஆம்பியர் இழுத்துப் பதில் சொல்லிவிடும். வேலை முடிந்ததும் அதனை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஓட்டத்தின்போது சூடேறிப் பெட்டியின் சுவரையே உருக்கிவிடும்.

டீசல் எஞ்சின் ஓசையாயின் இத்துடன் பெரும்பாலும் வேலை முடிந்தது. டீசல் எஞ்சினின் உறுமல் சக்கரச் சுழற்சியோடு நேராகக் கட்டுண்டதன்று. வண்டி நகர்வதற்கு முன்பே உறுமல் உயரும். முதன்முறை முயல்வோர் டீசலையே தேர்ந்துகொள்வது நல்லது. நீராவி எஞ்சினோ அப்படியன்று. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பெருஞ்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை ‘சுக்’ என ஒலிக்க வேண்டும். தனிப் பெட்டியில் இருக்கும் டிகோடருக்குக் கட்டளையிட்ட வேகம் தெரியுமேயன்றி, சக்கரம் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்பது தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் தளர்ந்தாலும் இது பழைய தாளத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இதற்குக் கணக்கு ஓர் அழகான விடை வைத்திருக்கின்றது. 1600 மி.மீ. விட்டமுள்ள எஞ்சின் சக்கரம் மாதிரியில் 10 மி.மீ. ஆகும். அதன் சுற்றளவை நான்காகப் பகுத்தால் 7.85 மி.மீ.க்கு ஒரு ‘சுக்’. சரக்குப் பெட்டியின் 33 அங்குலச் சக்கரமோ மாதிரியில் 5.2 மி.மீ. விட்டமுடையது. அதன் சுற்றளவில் பாதி 8.2 மி.மீ. ஆக, பெட்டியின் அச்சில் எதிரெதிரே இரண்டு நுண்காந்தங்களை ஒட்டி, அவை கடக்கும்போதெல்லாம் ஓர் உணரி டிகோடருக்குச் சைகை கொடுக்குமாறு செய்தால், தாளம் ஏறக்குறைய சரியாகிவிடும். நூற்றுக்கு ஐந்து வேறுபாட்டைக் காது கண்டுகொள்ளாது. இத்தகைய சைகையை ஏற்கும் டிகோடரைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒலி எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். டிகோடருக்குள் உள்ளவை பெரும்பாலும் உண்மையான எஞ்சின்களின் அருகே ஒலிவாங்கி வைத்துப் பதிந்தவை. ஆனால் எஞ்சினே இல்லாமற் போய்விட்டால்? பிரிட்டனில் 1968 ஆகஸ்டில் பொது இரயில்பாதைகளில் நீராவி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1950களிலிருந்து, பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் என்னும் திரைப்பட ஒலிப்பதிவாளர் இருப்புப் பாதையோரங்களில் காத்திருந்து நீராவி வண்டிகளின் ஓசையைப் பதிந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பிற்காலத்தில் ஆஸ்கர் விருது பெற்றவர் அவர். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்னும் புகைப்படக் கலைஞர், நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் இரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களைப் படமெடுத்ததோடு ஓசையையும் பதிந்து வைத்தார். அந்நாளில் இவர்களைக் கண்டு நகைத்தோர் இருந்திருப்பர்.

யூனியன் பசிபிக் இரயில்வேயின் ‘பிக் பாய்’ எஞ்சின்கள் இருபத்தைந்து. 1959இல் அவை பணியை நிறுத்திய பின்னர், அவற்றுள் ஒன்றான 4014ஆம் எண் எஞ்சின் 2019இல் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் நீராவியில் ஓடும்வரை, அறுபது ஆண்டுகள் அக்குரலை எவரும் நேரில் கேட்டதில்லை. அவ்விடைக்காலத்தில் பிக் பாய் மாதிரிக்கு ஒலி தேடியவர், பழைய நாடாப் பதிவையோ வேறோர் எஞ்சினின் குரலையோதான் நம்ப வேண்டியிருந்தது. டிகோடர் வாங்குமுன், அதிலுள்ள ஓசை எந்த எஞ்சினிடமிருந்து பெறப்பட்டது என விற்பவரிடம் வினவிவிடுங்கள். பெயர்ச்சீட்டு ஒன்று, குரல் வேறொன்று என்பது இத்துறையில் அரிதன்று.

ஒலியின் அளவைப் பொறுத்தவரை நான் கடும் சிக்கனக்காரன். 160இல் ஒரு பங்கு உலகில், மேசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் உண்மையான இரயிலிலிருந்து 160 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குச் சமம். அத்தொலைவில் கேட்கும் ஓசை எவ்வளவோ அவ்வளவே போதும். ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலான டிகோடர்கள் மிக உரத்த அளவில் வைக்கப்பட்டிருக்கும். பாதியாகக் குறைத்துவிட்டால் சிறு ஸ்பீக்கரின் கரகரப்பும் அடங்கும். அடுத்த அறையில் படிக்கும் பிள்ளைக்கும் இடையூறு இராது. ஓசை எஞ்சினிலிருந்து அன்றி அடுத்த பெட்டியிலிருந்து வருகின்றது என்பதும் அப்போது தெரியாது. கண் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, காதும் அங்கிருந்தே கேட்பதாக எண்ணிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்து நிறைவடைந்த பிறகும் பெட்டியின் கூரையைப் பசையிட்டு ஒட்டிவிட வேண்டாம். அழுத்தி மூடும்படியாகவே விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர்கள் நாளடைவில் வலுவிழக்கும். உரசும் வெண்கலக் கம்பியையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து துடைக்க வேண்டியிருக்கும்.